பெட்டியில் பாம்பு இல்லை

ஓசூர் சிப்காட்டில் தரப் பரிசோதனைப் பிரிவில் ஒரு மாதம் நின்றவருக்குக்கூட கோ–நோ கோ கேஜ் தெரிந்திருக்கும். உருளையான எஃகுத் துண்டு. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. போகக் கூடாத முனை போய்விட்டால் அந்த உதிரிபாகம் ரிஜெக்ட். அதற்கு மேல் பேச்சில்லை. புதிதாக வாங்கிவந்த பாம்பு தன்னை அடைத்த பெட்டியை இப்படித்தான் சோதிக்கிறது. முதல் இரவே மூக்கைத் தரையோடு தேய்த்துக்கொண்டு ஓரம் ஓரமாகப் போகும். மூலையில் நிமிரும். மூடி பெட்டியோடு சேரும் கோட்டை முழு நீளமும் முட்டிப் பார்க்கும். ஒயர் உள்ளே வரும் ஓட்டையில் தலையை வைத்துப் பார்க்கும். தலை போனால் உடலும் போகும். காலையில் பெட்டி அப்படியே இருக்கும், மூடியும் மூடியபடியே இருக்கும், உள்ளே மட்டும் ஒன்றுமே இருக்காது.

இது எங்கோ வெளிநாட்டில் நடப்பது என்று கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர் யாரும் நினைக்க வேண்டாம். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் பெங்களூரு. ஜூஜூவாடியில் குடியிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய்வருபவர்களுக்கு அந்த நகரத்துப் பழக்கங்கள் எல்லாம் இந்தப் பக்கமும் சொந்தம். 2023 செப்டம்பரில் பெங்களூரு விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த ஒரு பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரிகள் 72 பாம்புகளைக் கண்டார்கள். 55 பால் பைத்தான், 17 ராஜநாகம். கூடவே ஆறு கபுச்சின் குரங்குகள், ஆறும் செத்துக் கிடந்தன. 2024 ஏப்ரலில் அதே விமான நிலையத்தில் பத்து மஞ்சள் அனகோண்டாக்கள். அதற்கு முன் 2023 ஜனவரியில் சென்னையில், கேட்பாரற்றுக் கிடந்த பைகளில் 45 பால் பைத்தானும் 8 கார்ன் ஸ்னேக்கும் இருந்தன. அதே ஆண்டு ஜூலையில் திருச்சியில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவரிடம் 47 பைத்தான் குட்டிகள். இவையெல்லாம் பிடிபட்டவை. வாங்க ஆள் இல்லாமல் ஒருவர் 55 குட்டிகளைத் துணிப்பையில் கட்டிக் கொண்டுவர மாட்டார். பிடிபடாதவை ஏதோ வாடகை வீடுகளில், ஏதோ பெட்டிகளில் இருக்கின்றன.

அந்தப் பெட்டிகள் எவ்வளவு பாதுகாப்பானவை என்பதுதான் இங்கே நான் எடுத்துக்கொண்ட கேள்வி. பெட்டியின் சந்துகளைப் பற்றி உலகம் முழுக்க வேண்டிய அளவு தெரிந்துவிட்டது. அந்த விஷயத்தில் புதிராக எதுவும் மிச்சமில்லை. அடைக்கப்படாமல் கிடப்பது வேறொன்று. பாம்பைத் தொலைத்தவர் வாயைத் திறப்பதில்லை. பெட்டிக்குத் தப்பிய பாம்பு ஒரு தெருவுக்கே ஆபத்தாக மாறுவது அந்த மௌனத்தால்தான்.

முதலில் பாம்பைப் பார்ப்போம். பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் பக்கத்து மலைப்பாம்பு. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துப் பந்துபோல் சுருண்டுகொள்வதால் இந்தப் பெயர். விஷம் கிடையாது. வளர்ந்தால் மூன்று முதல் ஐந்து அடி வரும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது முப்பது ஆண்டு வாழும். பெட்டிக்குள் ஒரு முனை 31, 32 டிகிரி சூடாகவும் மறுமுனை 26 டிகிரி வாக்கிலும் இருக்க வேண்டும். ஓசூரோ கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். மார்கழி இரவில் 15 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். ரோஜாவுக்கு ஏற்ற குளிர் இந்தப் பாம்புக்கு ஏற்றதல்ல. சூடு போதாத பெட்டியில், ஒளிந்துகொள்ள ஒரு சட்டிகூட இல்லாமல், நாலு பக்கமும் கண்ணாடி வழியே ஆட்கள் நடமாட்டம் தெரிய அடைபட்ட குட்டி, விடியும்வரை சுவரை முட்டிக்கொண்டே இருக்கும். மூக்கில் தோல் உரிந்து சிவந்திருந்தால் அது தப்பிக்க முயல்கிறது என்பது மட்டுமல்ல, அங்கே அதற்கு இருப்புக்கொள்ளவில்லை என்றும் பொருள். நல்ல சூடும் உடலை ஒட்டிப் பொத்தி மறைக்கும் இரண்டு ஒளிவிடங்களும் கிடைத்த பாம்பு பகல் முழுக்க அசையாது. பூட்டு அவசியம்தான். ஆனால் வெளியே போக வேண்டும் என்ற முட்டலைக் குறைப்பது பெட்டிக்குள் கிடைக்கும் நிம்மதி.

வாங்கிய முதல் வாரத்தில் காணாமல் போவது ஏன் இவ்வளவு சகஜம் என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. இடம் புதிது, வாசம் புதிது. நமக்கோ ஆசை. கையில் எடுப்பது, வந்தவர்களுக்குக் காட்டுவது, சாப்பிடுகிறதா என்று அரை மணிக்கொரு தரம் திறந்து பார்ப்பது. எத்தனை முறை திறக்கிறோமோ அத்தனை முறை சரியாக மூடாமல் விடவும் வாய்ப்பு உண்டு. வந்த பாம்பை ஐந்தாறு நாள் தொடாமல் விடுவது அதன் உடம்புக்கும் நல்லது, நம் கதவுக்கும் நல்லது.

இனி பெட்டி. இங்கே கடையில் சுலபமாகக் கிடைப்பது மீன் தொட்டி. மேலே ஒரு பிளைவுட் பலகை, அதன் மேல் ஒரு செங்கல். குட்டியாக இருக்கும்வரை இது போதும்போலத் தோன்றும். ஆனால் மூலையில் நிமிர்ந்து நிற்கும் பாம்பு உடல் முழுவதையும் நெம்புகோலாக்கி ஒரு முனையைத் தூக்கும். கனம் நடுவில் இருக்க, மூலை அரை அங்குலம் எழும். அவ்வளவு போதும். அடுத்தது கிளிப் வைத்த பிளாஸ்டிக் டப்பா. கிளிப் இருக்கும் இடத்தில் மூடி இறுக்கமாக உட்காரும், இரண்டு கிளிப்புக்கு நடுவில் நீளவாக்கில் விரலால் அழுத்தினால் வளைந்துகொடுக்கும். பாம்பு அழுத்துவதும் அங்கேதான். மூன்றாவது, முன்பக்கம் தள்ளுகண்ணாடி வைத்த பெட்டி. இரண்டு கண்ணாடிகளும் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் சேனலின் தடிமனுக்கு ஒரு சந்து விழும். வளர்ந்த பைத்தானுக்கு அது ஒன்றுமில்லை. பென்சில் தடிமனில் பிறக்கும் கார்ன் ஸ்னேக் குட்டிக்கு அது வாசல். ஒரு சிலிகான் பட்டையும் ஒரு ஷோகேஸ் பூட்டும் இந்தக் குறையைத் தீர்த்துவிடும். ஓசூரில் அலுமினியம் செக்‌ஷன் வேலை தெரிந்த எந்தக் கடையிலும் அரை நாளில் முடிகிற காரியம்.

எல்லாவற்றையும்விடச் சின்ன ஓட்டை எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஸ்டாக்ஹோமின் ஸ்கான்சென் காட்சியகத்தில் நடந்ததைச் சொல்வேன். 2022 அக்டோபரில் புதிதாகக் கொண்டுவந்த ராஜநாகம் ஒன்று, சில நாளிலேயே கூரையில் இருந்த விளக்கின் இடுக்கு வழியாக வெளியேறிவிட்டது. அந்த விளக்கு பல காலமாக அங்கேதான் இருந்தது. முன்பு குண்டு பல்பு. கொதிக்கும், பாம்பு கிட்டே போகாது. மின்சாரம் மிச்சம் பிடிக்கக் குளிர்ந்த பல்பாக மாற்றினார்கள். அந்தச் சூடுதான் இவ்வளவு நாளும் காவல் காத்திருந்தது என்பது யாருக்கும் தோன்றவில்லை. நிபுணர்கள் நிறைந்த இடத்தில் இது நடந்தது. ஒரு வாரம் கழித்துப் பாம்பு தானாகவே தன் கூண்டுக்குத் திரும்பியது. பெட்டியில் எதை மாற்றினாலும், ஒரு பல்பை மாற்றினாலும், மொத்தப் பெட்டியையும் மறுபடி சோதிக்க வேண்டும் என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். தொழிற்சாலையில் ஒரு டூலை மாற்றினால் முதல் பீஸை அளக்காமல் மெஷினை ஓட விடுவதில்லை அல்லவா?

நம் ஷாப் ஃப்ளோரில் தெரிந்த இன்னொரு சொல்லும் இங்கே உதவும்: போக்கா-யோக்கே. ‘கவனமாக இரு’ என்று போர்டு எழுதி மாட்டுவதைவிட, தவறே செய்ய முடியாதபடி அமைப்பது. பாம்புப் பெட்டிகள் உடைந்து பாம்பு தப்புவது அபூர்வம். யாரோ கொண்டி போட மறந்ததால் தப்புவதே வழக்கம். ஆகவே தானாக விழும் கொண்டி, சாவி போட்டுத் திருப்பினால் மட்டுமே வெளியே வரும் பூட்டு, பூட்டாவிட்டால் சாவியை எடுக்கவே முடியாத ஏற்பாடு. அறைக்கதவின் கீழ்ச்சந்தில் ஒரு ரப்பர் பட்டையும் வேண்டும். பெட்டி தோற்றாலும் அறை பிடித்துக்கொள்ள வேண்டும்.

எளிய பொருளில் நல்ல அடைப்பு முடியாதா என்றால், நம் கண்ணெதிரே இருக்கிறது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் சுருட்டையும் மண்பானைகளில் இருக்கின்றன. பானையில் பாதிக்கு மணல். வாய்க்கு ஒரு பருத்தித் துணி, அதைச் சுற்றி இறுக்கிய கயிறு. மணல் குளிர்ச்சியைக் காக்கும், பானை இருட்டைத் தரும், துணி காற்றை விடும். உருண்டையான பானைக்குள் முட்ட மூலை என்று ஒன்று கிடையாது. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு இந்தப் பானைகளில் இருந்து போனதுதான். விஷம் எடுத்து முடிந்ததும் பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு முடிச்சையும் போடுபவர் அதற்கு உயிரைப் பணயம் வைத்திருக்கிறார். பானையில் உள்ளது என்ன பாம்பு, எப்போது பிடித்தது என்பது எழுத்தில் இருக்கிறது. கண்ணாடித் தொட்டியும் தெர்மோஸ்டாட்டும் வாங்கியவரிடம் பெரும்பாலும் இல்லாதவை இந்த இரண்டும்தான்.

பெட்டி தோற்று, அறையும் தோற்றால் என்ன ஆகும்? 2013 ஆகஸ்டில் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் நடந்ததை எழுதவே மனம் கனக்கிறது. செல்லப் பிராணிக் கடைக்கு மேலே ஒரு குடியிருப்பு. அங்கே வைத்திருந்த பெரிய ஆப்பிரிக்கப் பாறைப் பைத்தான் தன் கூண்டின் காற்றோட்டக் குழாய் வழியே கூரைக்குள் புகுந்து, அடுத்த அறையின் கூரை பிளந்து, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்கள் மேல் விழுந்தது. ஆறு வயது, நாலு வயது. இருவருமே இறந்தார்கள். அந்தக் குழாய்க்குள் பாம்பு நுழையாது என்று உரிமையாளர் நம்பியிருந்தார். 2016-ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி இல்லை என்று விடுவித்தது. சட்டத்தின் முன் அது சரியாகவே இருக்கட்டும். ‘நுழையாது என்று நினைத்தேன்’ என்ற வாக்கியம் என்னை விட்டுப் போகவில்லை.

இதை ஓசூரோடு வைத்துப் பாருங்கள். மூக்கண்டப்பள்ளியிலும் சிப்காட்டை ஒட்டிய ஊர்களிலும் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள். ஒரே நீளக் கூரை, நடுநடுவே தடுப்புச் சுவர். சுவர் மேலே போய் ஷீட்டைத் தொடும் இடத்தில், ஷீட்டின் அலை மேடும் பள்ளமுமாக இருப்பதால், ஒவ்வொரு மேட்டுக்கும் அடியில் ஒரு கையளவு சந்து. நல்ல மேஸ்திரி சிமென்ட் வைத்து அடைத்திருப்பார், இல்லாவிட்டால் பழந்துணி திணித்திருக்கும். பக்கத்து வீட்டுத் தாளிப்பு நெடி நமக்கு வருகிறது என்றால் பாம்பும் வரும். இந்த வரிசையில் பத்து வீடு, பத்திலும் தரையில் பாய் விரித்துத் தூங்கும் பிள்ளைகள். பால் பைத்தான் யாரையும் கொல்லாது. ஆனால் பத்து அனகோண்டாவும் 17 ராஜநாகக் குட்டியும் வந்த ஊருக்குப் பக்கத்தில், யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் படுப்பது அந்தப் பத்து வீட்டுக்கும் நியாயமா?

விஷமில்லாத பைத்தானே தப்பினாலும் இங்கே ஒரு தனி ஆபத்து உண்டு. அதை வெளிநாட்டு வளர்ப்பு நூல்கள் எதுவும் உங்களுக்குச் சொல்லாது. பழுப்பு உடல், கருமையான திட்டுகள், தடித்த நடுப்பகுதி. அரை இருட்டில் இந்த வருணனை பால் பைத்தானுக்கும் பொருந்தும், கண்ணாடி விரியனுக்கும் பொருந்தும். கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று எண்ணிக் கையில் எடுத்துக் கடிபட்டவர்கள் இந்தியாவில் உண்டு. வீட்டில் பைத்தான் வைத்திருப்பவர் அது தொலைந்த இரவில் வாசல் செங்கல் குவியலுக்குள் கையை விடுகிறார். ஏரியை ஒட்டிய, புல் மண்டிய மனையில் அவர் கைக்கு அகப்படுவது தன் பாம்பாகத்தான் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. மறுபக்கம், பாம்பைக் கையில் எடுத்துப் பழகிய அந்த வீட்டுப் பிள்ளைக்குத் திட்டுப் போட்ட பாம்பு என்றால் பயமே இருக்காது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. கர்நாடகம் 2024 பிப்ரவரியிலும் தமிழ்நாடு அதே ஆண்டு நவம்பரிலும் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியதாக அறிவித்தன. எல்லையின் இரு பக்கமும் இவ்வளவு தீவிரமாகப் பார்க்கும் ஒரு விஷயத்தில், குழப்பத்தைக் கூட்ட ஒரு புதுப் பாம்பு தேவையில்லை.

பாம்பின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். இந்தப் பகுதியில் அரசும் வேம்பும் சேர்ந்த இடமெல்லாம் நாகர் கல் உண்டு. புற்றுக்குப் பால் ஊற்றும் அதே கை, வீட்டுக்குள் பாம்பு வந்தால் தடியைத் தேடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தப் பயத்தை நான் பழிக்க மாட்டேன். ஆனால் ஆப்பிரிக்காவில் பிறந்தோ பாங்காக்கில் பொரிந்தோ, பைக்குள் மூச்சுத் திணறி, எல்லை கடந்து வந்த ஒரு குட்டியின் கதை ஓசூரில் ஒரு சாக்கடை ஓரத்தில் நசுங்கி முடிவது எனக்குப் பொறுக்கவில்லை. அது பந்தாகச் சுருண்டு தலையை ஒளிக்கும். தடிக்கு முன்னால் அது காப்பாற்றாது.

பிழைத்தால் மட்டும் நல்லதா? அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வளர்ப்புச் சந்தை வழியே வந்த பர்மியப் பைத்தான்கள் எவர்கிளேட்ஸ் சதுப்பில் பெருகின. அங்கே சாலையோரம் ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 விழுக்காடு குறைந்துவிட்டதாக 2012-ல் வெளியான ஆய்வு சொன்னது. அந்தப் பாம்புகளோடு வந்த நுரையீரல் ஒட்டுண்ணி இப்போது அங்குள்ள நாட்டுப் பாம்புகளிலும் இருக்கிறது. ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனேரியா தீவில் தப்பியவை சின்னப் பாம்புகள், கலிபோர்னிய கிங் ஸ்னேக். அவை பரவிய இடங்களில் அந்தத் தீவுக்கே உரிய பெரிய பல்லிகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. ஓசூர்க் குளிரில் பால் பைத்தான் பெருகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக இறங்கினால் 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம். நம் மலைப்பாம்பு வாழும் அந்தக் காட்டுக்கு ஒரு வெளிநாட்டு ஒட்டுண்ணியோ வைரஸோ போய்ச் சேரப் பாம்பு பெருகவே வேண்டியதில்லை, ஒன்று போதும். ‘வளர்க்க முடியவில்லை, காட்டில் விட்டுவிட்டேன்’ என்று சொல்பவர் புண்ணியம் தேடிக்கொள்ளவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்துக்கொள்ள 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. வெளிநாட்டு உயிரினங்களுக்கு 2020 ஜூனில் ஒன்றிய அரசு, தாமாக முன்வந்து சொன்னால் ஆவணம் கேட்க மாட்டோம் என்று ஒரு வாய்ப்புக் கொடுத்தது. 2022-ல் சட்டம் திருத்தப்பட்டு, அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ளவை நான்காம் அட்டவணைக்குள் வந்தன. 2024 பிப்ரவரி 28-ல் வந்த விதிகள், வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்றன. பிறப்பு, இறப்பு, கைமாறுவது எல்லாமே பதிவாக வேண்டும். பால் பைத்தான் இதற்குள் வரும். கார்ன் ஸ்னேக் சைட்டிஸ் பட்டியலில் இல்லை, ஆகவே இந்தப் பதிவேட்டிலும் இல்லை. கள்ளத்தனமாகக் கொண்டுவந்தால் சுங்கச் சட்டம் பிடிக்கும். ஒரு வீட்டுக்குள் போய்விட்ட பிறகு அதன் கணக்கு யாரிடமும் இல்லை. கிரான் கனேரியாவைக் கெடுத்தது இந்த அளவுள்ள பாம்புதான் என்பதை டெல்லியில் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

பதிவேட்டில் இல்லாத பாம்பை வாங்கியவர், அது தொலைந்த அன்று யாரிடம் போவார்? வனத்துறையிடம் போனால் வழக்கு. வீட்டுக்காரரிடம் சொன்னால் காலி செய்யச் சொல்வார். கம்பெனியில் தெரிந்தால் கேலி. ஆகவே கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத் தேடுகிறார். ஜெர்மனியின் ஹெர்ன நகரில் 2019 ஆகஸ்டில் ஒரு நாகம் அடுக்குமாடியில் தப்பியபோது ஒட்டியிருந்த வீடுகளைக் காலி செய்து, தரையெல்லாம் மாவு தூவி, சில நாள் காத்திருந்து பிடித்தார்கள். அது எல்லாருக்கும் தெரிந்ததால்தான் யாரும் கடிபடவில்லை. அந்த நகரம் இருக்கும் மாகாணம் 2021 ஜனவரி முதல் விஷப் பிராணிகளைப் புதிதாக வாங்கி வளர்ப்பதையே தடைசெய்தது. நம் ஊருக்கும் இந்த வரிசை பொருந்தும் என்றே நினைக்கிறேன். முதலில் பயமில்லாமல் சொல்ல வழி, அதன்பின் கண்டிப்பு. தப்பியதைத் தானாக வந்து சொல்பவரை முதல் கேள்வியிலேயே குற்றவாளியாக நடத்தாத ஒரு ஏற்பாட்டை வனத்துறை அறிவிக்க வேண்டும். எல்லை மாவட்டமான கிருஷ்ணகிரியில் அதைத் தொடங்குவது பொருத்தம். வாங்க நினைப்பவர்களுக்கு என் கருத்து ஒன்றே: வாங்காதீர்கள். காட்ட ஒரு ரசீதும் இல்லாத உயிர், கேட்பாரற்ற உயிராகத்தான் முடிகிறது.

ஏற்கெனவே தொலைத்துவிட்டவருக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. முதலில் பெட்டிக்குள்ளேயே மறுபடி பாருங்கள்; தண்ணீர்க் கிண்ணத்துக்கு அடியில், விரிப்புக்கு அடியில் பல பாம்புகள் கிடைத்திருக்கின்றன. பிறகு அறையை அடையுங்கள். கதவின் கீழ் ஈரத்துணி, குளியலறைத் தண்ணீர் போகும் ஜாலியின் மேல் ஒரு கல். 2011-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சியகத்தில் தப்பிய எகிப்திய நாகத்தை உலகமே எங்கெங்கோ கற்பனை செய்துகொண்டிருந்தது. அது கிட்டத்தட்ட ஒரு வாரம் கழித்து அதே கட்டடத்தில் கிடைத்தது. பாம்பு தூரம் போவதைவிட இடுக்குக்குள் போகவே விரும்பும். அதுவும் சூடான இடுக்கு. ஃபிரிட்ஜின் பின்பக்க மோட்டார், இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ், வாஷிங் மெஷினின் அடி. எதையும் ஓட விடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். படுக்கும் முன் சுவர் ஓரமாகக் கோலமாவை மெல்லிய கோடாகத் தூவி வையுங்கள். காலையில் கோடு கலைந்த இடம் அது போன திசையைச் சொல்லும். ஒரு அட்டைப்பெட்டியில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை வைத்து, சின்ன வாசல் வெட்டி மூலையில் போட்டால் ஓசூர்க் குளிருக்கு அது தானாக வந்து படுக்கலாம். பசைப்பொறி மட்டும் வேண்டாம், தோலோடு பிய்ந்துவிடும். பார்க்க முடியாத எந்தச் சந்திலும் கையை விடாதீர்கள்.

பெட்டியில் இல்லை என்று தெரிந்ததுமே, அன்று இரவே, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். லைனில் பத்து வீடு என்றால் பத்தையும். ‘அக்கா, எங்க வீட்டுப் பாம்பு ஒண்ணு காணோம். விஷமில்லாதது, இவ்வளவு நீளம், இந்தா போட்டோ. ஆனா எந்தப் பாம்பைப் பார்த்தாலும் தொடாதீங்க, அடிக்காதீங்க, தள்ளி நின்னுக்கிட்டு என்னைக் கூப்பிடுங்க.’ கன்னடம் பேசும் வீட்டில் ஹாவு என்றும் தெலுங்கு வீட்டில் பாமு என்றும் சொல்லிப் புரியவைக்க வேண்டும். பிள்ளைகளிடம் தனியாக ஒரு முறை சொல்ல வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு போன். விடிந்ததும் மத்திகிரியில் இருக்கும் வனக்கோட்ட அலுவலகத்துக்குப் போய், பெட்டியின் போட்டோவும் பாம்பின் போட்டோவும் வைத்து, நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும்.